ஏழெட்டு எவ்வளவு? வாய்ப்பாட்டோடு பதினைந்து மாதம் மல்லுக்கட்டிய கதை

எட்டு ஏழு எவ்வளவு என்று கேட்டால் என் மகன் "எய்ட் ஒன்ஸ் ஆர் எய்ட்"டிலிருந்து தொடங்குவான். உதடு மட்டும் அசையும். ஒவ்வொரு படியாக ஏறி ஏழாவது படிக்கு வந்து சேர்வதற்குள், கேட்டவருக்கே என்ன கேட்டோம் என்பது மறந்துவிடும். ஒருநாள் கடையில் உட்காரவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். 19 விநாடி. இத்தனைக்கும் இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் போட்டியில் பன்னிரண்டு வரைக்கும் தடங்கலில்லாமல் சொல்லிச் சான்றிதழ் வாங்கியவன். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தோம். எங்களை முதலில் ஏமாற்றியது அந்தச் சான்றிதழ்தான்.

மூன்றாம் வகுப்பில் குட்டு வெளிப்பட்டது. 37-ஐ 8-ஆல் பெருக்க வேண்டும். எட்டு ஏழு, படியேறி 56 வந்துவிட்டது. ஆறைப் போட்டு அஞ்சை மனசில் வைத்துக்கொண்டான். அடுத்தது எட்டு மூணு. அதற்கும் முதல் படியிலிருந்து ஏறினான், 24 வந்தது. ஆனால் அந்த ஏற்றத்தில் மனசில் வைத்த அஞ்சு எங்கேயோ விழுந்துவிட்டது. விடை 296-க்குப் பதில் 246. டீச்சர் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதி அனுப்பினார். நானும் அதையே நம்பினேன். கவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு கையிலும் சாமானைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறச் சொன்னால் ஏதாவது ஒன்று கீழே விழத்தான் செய்யும். வாய்ப்பாடு பாட்டாகத் தெரிவது வேறு, நடுவில் ஒன்றை உருவிக் கேட்டால் கைக்கு வருவது வேறு. இது புரிவதற்கு எங்களுக்கு ஆன காலம் பதினைந்து மாதம். ஆன செலவையும் சொல்லிவிடுகிறேன். அபாகஸ் என்ற மணிச்சட்ட வகுப்பு பத்து மாதம், மாதம் 1,300; சேரும்போது சட்டமும் புத்தகமும் 1,800. போன் செயலிக்கு ஒரு வருடச் சந்தா 4,200. பயிற்சிப் புத்தகங்கள் 900. மொத்தம் இருபதாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு.

அந்த வகுப்பையோ செயலியையோ திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எது எதற்கு உதவாது என்று யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமைதான். அபாகஸில் மணி நகர்த்த அவனுக்கு நன்றாகவே வந்தது. ஆனால் 8-உடன் 5 கூட்ட அங்கே கற்றுக்கொள்வது ஒரு விரல் வித்தை: அடுத்த கம்பியில் ஒரு பத்தை ஏற்று, இந்தக் கம்பியில் ஒரு அஞ்சை இறக்கு. சட்டம் முன்னால் இருந்தால் விடை வரும், பள்ளி நோட்டுக்கு முன்னால் அந்த வித்தை ஞாபகத்துக்கே வரவில்லை. இன்னொன்று, அபாகஸில் பெருக்கல் படிகள் வரும்போது வாய்ப்பாடு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் போகும். வாய்ப்பாடு வரட்டும் என்று அங்கே அனுப்புவது, நீச்சல் வரட்டும் என்று மீன் வாங்கிக் கொடுப்பது மாதிரி. செயலியின் கதை வேறு. 6 பெருக்கல் 7 என்று கேட்டு 13, 42, 67, 100 என்று நாலு விடை கொடுக்கும். பெரிதாகவும் இல்லாமல் சிறிதாகவும் இல்லாமல் நடுவில் இருப்பதைத் தட்டினால் போதும், நாணயம் கொட்டும், யானை ஆடும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். இருபது நிமிடத்தில் அவன் செய்தது பதினொரு கணக்கு. மீதியெல்லாம் யானை ஆட்டம்.

மூன்றாவது, நானே கொடுத்த தண்டனை: எட்டாம் வாய்ப்பாட்டைப் பத்து தடவை எழுது. எழுதுவதை ஒருநாள் பின்னால் நின்று பார்த்த பிறகு அதை நிறுத்தினேன். முதலில் 8, 8, 8 என்று மேலிருந்து கீழே ஒரு வரிசை. அடுத்து பெருக்கல் குறி ஒரு வரிசை. அடுத்து 1 முதல் 10. அப்புறம் சமக்குறி. கடைசியில் விடைப் பகுதியில் ஒன்றாம் இடத்தில் 8, 6, 4, 2, 0, மறுபடி 8, 6, 4, 2, 0. பிறகு பத்தாம் இடத்தில் 1, 2, 3, 4, 4, 5, 6, 7, 8. ஒரு பெருக்கல்கூட நடக்கவில்லை. கோலம் போடுகிற மாதிரி நிரப்பிக்கொண்டிருந்தான். உங்கள் வீட்டிலும் பிள்ளை வாய்ப்பாடு எழுதும்போது எட்டிப் பாருங்கள், பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் எழுதும் என்று பந்தயமே கட்டுவேன். மூளைக்கு உழைப்பு மிச்சம் என்றால் யார்தான் விடுவார்கள்?

நான் திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மனக்கணக்குதான். எனக்குக் கணக்கு வரும் என்பதே அவனுக்குப் பெரிய தடையாக இருந்தது. "இதுகூடத் தெரியாதாடா?" என்று நான் கேட்காத சாயங்காலம் இல்லை. ஸ்கேலால் மேசையைத் தட்டியிருக்கிறேன், இரண்டு முறை முதுகிலும். கணக்குத் தேர்வு இருக்கும் நாளில் காலையில் வயிறு வலிக்கிறது என்பான். டாக்டர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். எந்தெந்த நாளில் வலிக்கிறது என்று காலண்டரைப் புரட்டிக் கண்டுபிடித்தது என் மனைவி. வெட்கமாக இருந்தது. பயந்த பிள்ளைக்கு, விடை தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் எடுக்க வராது. 56-ஐ வைத்திருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் முகம் உட்கார்ந்திருக்கும்.

காலாண்டு விடுமுறையில்தான் ஓட்டை எங்கே என்று தெரிந்தது. தற்செயலாக எட்டும் அஞ்சும் எவ்வளவு என்று கேட்டேன். மேசைக்கு அடியில் கை போயிற்று. விடை 12. கையை மேலே வைத்துச் செய்துகாட்டச் சொன்னேன். முதல் விரலை நீட்டி 'எட்டு', அடுத்த விரல் 'ஒன்பது', அப்படியே அஞ்சாவது விரலில் 'பன்னிரண்டு'. எட்டுக்கு அடுத்த எண்ணிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பது விட்டுப்போயிருந்தது. பல பிள்ளைகளின் கூட்டல் விடை சரியாக ஒன்று குறைவதற்கு இதுதான் காரணம். விடைத்தாளில் ஒன்று குறைந்த விடைகள் வரிசையாக இருந்தால், கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், விரலைப் பாருங்கள். வாய்ப்பாட்டுக்குக் கீழே கூட்டலே ஆடிக்கொண்டிருந்தது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டியதற்குப் பத்து மாதம் கட்டணம் செலுத்தியிருக்கிறேன்.

அதனால் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் ஒருநாள் சோதனை வையுங்கள். சோதனை என்று சொல்லாமல் வைக்க வேண்டும். 1 முதல் 9 வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டும் கணக்குகளை அட்டையில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றுக்குள் விடை வந்தால் ஒரு அடுக்கு. யோசித்தோ விரல் விட்டோ சரியாகச் சொன்னால் இரண்டாவது அடுக்கு. தப்பு, தெரியாது எல்லாம் மூன்றாவது. ஒரே மூச்சில் கேட்காமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். கடைசியில் கையில் இருப்பதுதான் உங்கள் பிள்ளையின் உண்மையான பாடத்திட்டம். எங்கள் வீட்டில் முதல் அடுக்கில் தேறியது 81-இல் 30.

அட்டைக்கு முன்னால் பொருள். கடையில் விற்கிற வண்ண வண்ணச் சாதனம் எதுவும் வேண்டாம். முட்டைக் கடையில் காலியான அட்டைத் தட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். முப்பது குழி, அஞ்சுக்கு ஆறு. அதை அஞ்சுக்கு இரண்டாக வெட்டினால் பத்துக் குழித் தட்டு மூன்று கிடைக்கும். ஒரு பிடி புளியங்கொட்டை. முதல் வாரம் முழுக்க ஒரே வேலை: ஒரு தட்டில் சில கொட்டைகளைப் போட்டுக் காட்டி உடனே துணியால் மூடிவிட்டு, எத்தனை இருந்தது, பத்துக்கு எத்தனை குறைகிறது என்று கேட்பது. எப்போதும் ஒரே ஒழுங்கில் வையுங்கள், மேல் வரிசை அஞ்சும் நிரம்பிய பிறகுதான் கீழ் வரிசை. ஏழு என்றால் மேலே அஞ்சு, கீழே இரண்டு, காலிக் குழி மூன்று. மூன்று நாலு பொருளைத்தான் கண் ஒரே பார்வையில் பிடிக்கும். அதற்கு மேல் போனால் எண்ணத் தொடங்கிவிடும். அஞ்சஞ்சாகப் பிரித்து வைத்தால் எண்ணாமலே தெரியும். சிதறலாகக் கொட்டினால் இந்தப் பலன் கிடையாது. முதல் மூன்று நாள் நான் அப்படித்தான் கொட்டிக்கொண்டிருந்தேன்.

பத்துக்கு ஜோடி பழகிய பிறகு இரண்டு தட்டை வையுங்கள். ஒன்றில் எட்டு, இன்னொன்றில் அஞ்சு. "இந்தத் தட்டு நிரம்ப எத்தனை வேணும்?" இரண்டு. அஞ்சிலிருந்து இரண்டை அவன் கையாலேயே நகர்த்த வேண்டும். பத்தும் மூணும் பதிமூணு. பத்துநாள் கையால், பிறகு தட்டை மூடிவைத்து மனசால். இதில் தமிழ் நமக்கு ஒரு சலுகை கொடுக்கிறது. பதினொன்று, பதிமூன்று, பதினெட்டு எல்லாவற்றிலும் பத்து வெளிப்படையாக உட்கார்ந்திருக்கிறது. லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து எங்கே இருக்கிறது? தர்ட்டீனும் தர்ட்டியும் காதில் ஒன்றாகவே விழும். அதனால் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கும் இந்தத் தட்டு வேலையைத் தமிழில் செய்வதே நல்லது.

கூட்டலில் மனப்பாடம் செய்ய வேண்டியது எவ்வளவு என்று தெரிந்தால் பெற்றோருக்குப் பாதிப் பதற்றம் போய்விடும். 1 முதல் 9 வரை எண்களை ஜோடி சேர்த்தால், முன்னும் பின்னும் மாறுவதை ஒன்றாகக் கொண்டால், 45 ஜோடி. ஒன்று கூட்டுவது அடுத்த எண், அது ஒன்பது போயிற்று. இரண்டு கூட்டுவது எட்டு. மீதி 28. பத்து வரும் ஜோடியில் 3-7, 4-6, 5-5 மூன்று. இரட்டைகள், அதாவது 3-3, 4-4, 6-6 முதல் 9-9 வரை, ஆறு. இரட்டைக்குப் பக்கத்து வீடுகள், 6-7 என்றால் ஆறும் ஆறும் பன்னிரண்டு, அதோடு ஒன்று, இப்படி இன்னும் ஆறு. மீதி 13. ஒன்பது கூட்டுவதைப் பத்து கூட்டி ஒன்று குறைத்தால் அஞ்சு தீரும். எட்டு கூட்டுவதை முட்டைத் தட்டால் நிரப்பினால் நாலு தீரும். கடைசியில் எந்த வழியிலும் சேராமல் நிற்பது நாலே நாலு: 3-5, 3-6, 4-7, 5-7. இந்த நாலைத்தான் உருப்போட வேண்டும். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு வாரம் இந்த நாலு மட்டும் ஒட்டியிருந்தது.

இப்போது அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகள் கெட்டியாக இருக்கும், சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். அச்சடித்த பக்கத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிடுங்கள். முன்பக்கம் கணக்கு மட்டும், கறுப்பு மையில், ஒரே அளவில். பின்பக்கம் விடை. படம், பூ, வண்ணம் எதுவும் கூடாது. பச்சை அட்டை என்றால் 15 என்று நிறத்தை வைத்து விடை சொல்லிவிடுவார்கள், அதை முதல் தொகுதியில் அனுபவித்தேன். மூலை மடங்கிய அட்டையைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், மடங்கினால் மாற்றிவிடுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து அட்டை போதும். அதில் புதிது இரண்டு, எட்டு தெரிந்தவை. முதல் மூன்று நன்றாகத் தெரிந்ததாக இருக்கட்டும், வண்டி சூடாகும். பிறகு புதியது ஒன்று. விடையை நாமே சொல்லிக் கொடுத்து, "எட்டும் ஆறும் பதினாலு" என்று முழுசாக ஒரு தடவை சொல்லவைக்க வேண்டும். ஒரு அட்டை தள்ளி மறுபடி அதையே கேளுங்கள். அப்புறம் இரண்டு தள்ளி, அப்புறம் நாலு தள்ளி. தப்பாகச் சொன்னால், அல்லது மூன்று எண்ணுவதற்குள் வாய் திறக்கவில்லை என்றால், உடனே விடையைச் சொல்லிவிட வேண்டும். "யோசி, நல்லா யோசி" என்று காத்திருந்தது நான் செய்த பெரிய தப்பு. காத்திருந்தால் விரலுக்குப் போவான், இல்லை என்றால் ஊகித்து ஒரு தப்பு விடை சொல்வான். அந்தத் தப்பு விடை இரண்டு நாள் வாயில் வந்துவிட்டால் மூன்றாம் நாள் குடியேறிவிடும். அதைக் காலிசெய்ய வைப்பதற்கு, புதிதாகக் கற்பதைவிட இரண்டு பங்கு பாடு.

அட்டைகளுக்கு மூன்று ஸ்வீட் டப்பா வைத்தோம். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளர் 1972-இல் பரப்பிய முறை இது. அவருடைய பெட்டிக்கு அறைகள் அதிகம், பிள்ளைகளுக்கு மூன்று போதும். முதல் டப்பா தினமும். மூன்று நாள் தொடர்ந்து சட்டென்று விடை வந்தால் இரண்டாவது டப்பாவுக்குப் போகும், அதைத் திறப்பது செவ்வாயும் வெள்ளியும். அங்கேயும் மூன்று முறை தேறினால் மூன்றாவது, ஞாயிறு மட்டும். எங்கே தடுமாறினாலும் முதல் டப்பாவுக்குத் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது டப்பாவின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்ப்பதுதான் அவனுக்குப் பரிசு. ஸ்டார் ஸ்டிக்கர், சாக்லேட் எல்லாம் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். சாக்லேட் தீர்ந்த அன்று படிப்பும் தீர்ந்தது.

நேரம் ஏழு நிமிடம். இட்லி வேக எடுக்கும் பத்து பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் குக்கர் அடுப்பில் ஏறியதும் டப்பா இறங்கும், தனியாக ஒரு 'படிக்கிற நேரம்' என்று வைத்தால் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். சாயங்காலம் வேண்டாம், பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குத் தலையில் இடம் இருக்காது. போன் பார்த்து முடித்த கையோடும் வேண்டாம். நன்றாகப் போகிறது என்று இன்னும் பத்து அட்டை சேர்க்கும் ஆசை வரும். சேர்க்காதீர்கள். ஞாயிறன்று ஒரு மணி நேரம் சேர்த்து உட்கார்ந்தால் ஏழு நாளுக்குச் சமம் என்றும் கணக்குப் போடாதீர்கள். அதே ஏழு நிமிடம், இரவு தூக்கம் இடையில் வந்து வந்து போனால்தான் ஒட்டுகிறது.

இன்னொன்று, பிள்ளையோடு உட்காருபவரின் முகம். இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. அட்டை காட்டும்போது நான் வாயால் திட்டவில்லை, ஆனால் தப்பு வந்தால் மூச்சை இழுத்துவிடுவேனாம். மனைவி சொல்லித்தான் தெரியும். அதன் பிறகு முதல் மாதம் அவள்தான் அட்டை காட்டினாள், நான் சட்னிக்குத் தேங்காய் துருவினேன். யாருக்குக் கணக்கு நன்றாக வருமோ அவர் சற்றுத் தள்ளி இருப்பது நல்லது.

கூட்டலுக்குப் பதினொரு வாரம் ஆயிற்று. கழித்தலுக்கு ஆறு. கழித்தலைத் தனி மனப்பாடமாகக் கொடுக்க வேண்டாம். 13-இலிருந்து 8 போனால் என்று கேட்டுப் பின்னோக்கி எண்ணவிட்டால் ஒன்று கூடும் அல்லது குறையும். "எட்டோட எத்தனை சேர்ந்தா பதிமூணு?" என்று கேளுங்கள். கூட்டல் உறுதியாக இருந்தால் விடை தானே வரும், உறுதியாக இல்லையென்றால் அந்த ஜோடி கூட்டலுக்கே திரும்ப வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

பெருக்கலுக்கு வந்தபோது பிப்ரவரி. இங்கேயும் முதலில் பொருள். ஒரு அட்டையில் நட்டுகளை மூன்று வரிசை, வரிசைக்கு நாலு என்று அடுக்கி, அட்டையை அப்படியே கால்வட்டம் திருப்பினேன். இப்போது நாலு வரிசை, மூணு மூணு. எண்ணிக்கை மாறவில்லை. "அப்ப பாதி படிச்சா போதுமாப்பா?" என்றான். அதேதான். 2 முதல் 9 வரை பெருக்கினால் ஜோடி 36. இரண்டால் பெருக்குவது இரட்டைதான், கூட்டலிலேயே தெரியும், எட்டு போயிற்று. அஞ்சாம் வாய்ப்பாடு கடிகாரத்தின் நிமிட முள், ஏழு போயிற்று. ஒன்பதுக்குப் பத்து மடங்கில் ஒரு மடங்கைக் குறை: ஒன்பது ஏழு என்றால் 70-இல் 7 போக 63. அதில் ஆறு தீரும். ஒரே எண்ணைப் பெருக்குவது, 3-3, 4-4, 6-6, 7-7, 8-8, அஞ்சு. மீதி நிற்பது பத்தே பத்து: 3-4, 3-6, 3-7, 3-8, 4-6, 4-7, 4-8, 6-7, 6-8, 7-8. நாலால் பெருக்குவதை இரண்டின் இரட்டை என்று பிடித்தால் அதிலும் மூன்று நாலு இளகிவிடும். வாய்ப்பாடு என்ற மலையின் உச்சி இவ்வளவுதான். ஒன்பதுக்கு விரல் மடக்கும் வித்தை ஒன்று உண்டு, எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். வேலை செய்யும், ஆனால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரிக்க வேண்டும். நான் தவிர்த்துவிட்டேன்.

ஒரே வாரத்தில் எதையெதைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல் மனசில் இருக்கட்டும். 7-8-உம் 6-9-உம் சேரக்கூடாது. 56-உம் 54-உம் இடம் மாறிக்கொள்ளும். நாங்கள் சேர்த்துவிட்டு மூன்று வாரம் அவதிப்பட்டோம். 6-8-உம் 7-7-உம் அப்படித்தான், 48, 49. ஒன்று மூன்றாவது டப்பாவுக்குப் போன பிறகே அதன் சகோதரனை இறக்குங்கள். 56-க்கு மட்டும் ஒரு கைப்பிடி உண்டு: 5, 6, 7, 8 என்று எழுதினால், 56 என்பது 7-8.

மொழிக் குழப்பத்தை எங்கள் அப்பத்தா கிளப்பிவிட்டது. அது திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்து ஆள், அரைக்கால், வீசம் என்ற பழைய பின்னக் கணக்கெல்லாம் வாயில் நிற்கும். ஒருநாள் பேரனைக் கூப்பிட்டு, "ஏழெட்டு எவ்வளவுடா ராசா?" என்றது. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏழு இருக்கும், இல்லாட்டி எட்டு இருக்கும் அப்பத்தா" என்றான். ஏழெட்டுப் பேர் வந்தார்கள் என்றுதானே வீட்டில் கேட்டிருக்கிறான்! சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது இரண்டே சொல், நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. 'செவன் எய்ட்ஸ் ஆர் ஃபிஃப்டி சிக்ஸ்' அதைவிட நீளம். ஆனால் வகுப்பில் டீச்சர் கேட்பது ஆங்கிலத்தில். கடைசியில் எடுத்த முடிவு: அட்டையில் இலக்கம் மட்டும், விடை ஒரே மொழியில், தினமும் அதே மொழியில். எங்கள் வீட்டில் அது தமிழ். காகிதத்தில் எழுதும்போது மொழி குறுக்கே வரவில்லை, வாயால் கேட்டால் மட்டும் ஒரு கணம் தாமதம் இருந்தது, இரண்டு மாதத்தில் அதுவும் போயிற்று. கெடுதல் செய்வது ஒருநாள் தமிழ், ஒருநாள் ஆங்கிலம் என்று மாற்றுவது. அப்பத்தா முறையில் ஒரு குறை, வரிசையாகத்தான் சொல்லவிடும். கலைத்துப்போட்டுக் கேட்டால், "இது என்ன குரங்குத் தாவல்" என்று திட்டும். நமக்கு வேண்டியது அந்தக் குரங்குத் தாவல்தான்.

ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தது ஏப்ரலில். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அட்டை என்று. முதல் நாளே அழுகை, தெரிந்த அட்டைகூடத் தப்பாயிற்று. மூன்றாவது டப்பா நிரம்பும் வரை கடிகாரம் கண்ணில் படக்கூடாது. பிறகும், நேற்றைய அவனோடு இன்றைய அவன், அவ்வளவுதான் போட்டி. அக்கா மகளோடு ஒப்பிட்டால் டப்பாவை மூடிவிடலாம். விளையாட்டுக்குச் சீட்டுக்கட்டு நல்லது. ஆஸ் முதல் ஒன்பது வரை எடுத்து, ஆளுக்கு ஒரு சீட்டு திருப்பி, கூட்டுத்தொகையோ பெருக்கலோ முதலில் சொல்பவருக்கு இரண்டும். தாயக்கட்டையில் கூட்டல் சிறிது, ஒன்றாம் வகுப்புக்குப் போதும்.

மே விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பதினாறு நாள் டப்பா திறக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் மூன்றாவது டப்பா அப்படியே இருந்தது, இரண்டாவதில் பாதி கலைந்துபோயிருந்தது, முதல் டப்பாவில் ஒன்றுமே மிச்சமில்லை. பதறிப்போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். அஞ்சு நாள் புதிய அட்டை எதுவும் சேர்க்காமல் இருப்பதை மட்டும் சுற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

பதினாறாம் வாய்ப்பாடு, இருபதாம் வாய்ப்பாடு வரை உருப்போடச் சொல்லும் பள்ளிகள் உண்டு. பத்து வரை சட்டென்று வராத பிள்ளையிடம் அதைத் திணிப்பது வீண் என்பது என் கட்சி. 16 பெருக்கல் 7 என்றால் 70-உம் 42-உம் 112, மனசிலேயே வரும். பழகினால் உபயோகப்படுவது 12, 15, 25. கடையில் தினமும் பார்க்கிறேன். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மூன்று நாலு மாதம் தினமும் செய்தும் பத்துக்கு ஜோடிகூட நிற்கவில்லை, 8 பெரிதா 6 பெரிதா என்பதிலேயே தடுமாற்றம், நேரம் பார்ப்பது, சில்லறை எண்ணுவது எல்லாமே சிரமம் என்றால், அட்டையை நிறுத்திவிட்டுக் குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் காட்டுங்கள். டிஸ்கால்குலியா என்று, எண்களைப் புரிந்துகொள்வதிலேயே வரும் கற்றல் குறைபாடு ஒன்று இருக்கிறது. அதற்கு வேறு விதமான பயிற்சி வேண்டும், ஸ்கேல் உதவாது.

பெருக்கல் முடிய ஜூலை ஆயிற்று. இந்த முறைக்கான மொத்தச் செலவு வெள்ளைத் தாள், பசை, ரப்பர் பேண்ட் சேர்த்து 65 ரூபாய். 37 பெருக்கல் 8 இப்போது மனசில் வைத்த அஞ்சோடு 296 என்றே வருகிறது. 6-8 மட்டும் இன்னும் முதல் டப்பாவுக்கும் இரண்டாவதுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. மூலை மடங்கி, போன வாரம்தான் நாலாவது தடவையாகப் புது அட்டை வெட்டினேன். அவன் தங்கை யு.கே.ஜி. போகிறாள். அவளுக்கு முட்டைத் தட்டு எடுத்து வைத்தாயிற்று, புளியங்கொட்டையைத்தான் மூக்கில் போட்டுக்கொள்ளாமல் இருக்கிறாளா என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.